வலிக்காத காலும் நூறு நாள் திட்டமும்

“…அதனால நீ எதுலயும் கையெழுத்துப் போட்டுடாத, ஜெயா. பெக்கோக் ஊர்ல இருக்கிற அந்த ஆளு இலையை அரைச்சுக் கட்டியே மூணு பேரு காலைக் காப்பாத்தியிருக்காராம். தம்பி கீழ காரை வச்சிக்கிட்டு நிக்கிறான். கிளம்பு.”

சொன்னவர் என் கணவர் சேகர். சொன்ன இடம், அரசாங்க மருத்துவமனையில் பெண்களுக்கான எலும்பு வார்டு, பதினேழாம் கட்டில். கட்டிலில் நான். என் வலது பாதத்தை என்ன செய்வது என்று மூன்று மணிக்குள் சொல்லிவிட வேண்டும் என்று டாக்டர் கேட்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று நாற்பது.

அவருக்கு நான் சொன்ன பதிலைப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன் அந்தக் கட்டிலுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்லியாக வேண்டும். சோம்பேறித்தனத்தால் வந்திருந்தால் இதை எழுதவே மாட்டேன், வெட்கமாக இருக்கும். நான் வந்தது சுறுசுறுப்பால்.

செனாயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மூடிகளைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. படிப்பு மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில் நின்றது. மற்றதெல்லாம் மனிதர்கள் பேசப் பேசக் காதில் வாங்கிக் கற்றதுதான். யாராவது ஒரு வார்த்தையை அழகாகச் சொல்லிவிட்டால் அன்றைக்கு எனக்குச் சம்பளம் வந்த மாதிரி இருக்கும். இந்தப் பழக்கம்தான் என்னை ஏமாற்றியது, காப்பாற்றியதும் இதுதான்.

எங்கள் பக்கத்தில் நீரிழிவை ‘இனிப்பு நீர்’ என்போம். கேட்டால் கோயிலில் உள்ளங்கையில் ஊற்றித் தருகிற ஏதோ ஒன்று மாதிரி இருக்கும். அதனால்தானோ என்னவோ யாரும் அதற்குப் பயப்படுவதில்லை. “எனக்கு லேசா இனிப்பு நீர் இருக்கு லா” என்று சொல்லிக்கொண்டே பிளேட்டில் இரண்டாவது வடையை எடுப்பார்கள். நானும் ஆறு வருஷம் அப்படித்தான் எடுத்தேன்.

ஒரு நாள் கிளினிக்கில் டாக்டர் சொன்னார்: “மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்போம். குறையலைன்னா இன்சுலின் ஊசி ஆரம்பிக்கணும்.” கடந்த மூன்று மாதமாக ரத்தத்தில் சர்க்கரை எப்படி இருந்தது என்பதை ஒரே எண்ணில் காட்டிக் கொடுக்கிற பரிசோதனை அது. முதல் நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. ஊசி மட்டும் வேண்டவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்ததும் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, ஸ்கேல் வைத்து நூறு கட்டம் வரைந்தேன். மேலே ஐந்து வரி: சோறு ஒரு கைப்பிடி. தே தாரிக் டீ கிடையாது. இரவு எட்டுக்கு மேல் வாய்க்குப் பூட்டு. மாத்திரை தவறக் கூடாது. கல் பாதை பத்துச் சுற்று, வெறுங்கால்.

அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியபோது சேகர் நின்று படித்தார். “அமைச்சர் அம்மா பட்ஜெட் போட்டுட்டாங்க. வெறுங்கால் எதுக்கு?”

“அதுதான் வைத்தியமே. உங்களுக்குத் தெரியாது, லோரியை ஓட்டுங்க.”

அவர் பண்டார் தெங்காரா பக்கம் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறார். பேச்சு குறைவு. அதற்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன்.

கல் பாதை எங்கள் தாமான் குடியிருப்புப் பூங்காவில் இருக்கிறது. வழுவழுப்பான கூழாங்கற்களைச் செங்குத்தாக சிமெண்டில் பதித்து, பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்திருப்பார்கள். முகப்பில் ஒரு பலகை. அதில் இரண்டு பாதங்கள் வரைந்து, இந்த இடம் சிறுநீரகம், இந்த இடம் ஈரல் என்று குறித்திருக்கும். இன்சுலின் சுரக்கிற கணையம் எங்கே என்று நான் தேடிப் பார்த்து வைத்துக்கொண்டேன். அந்த இடம் படுகிற மாதிரி அழுத்தி மிதிப்பேன். தூங்குகிற கணையத்தைக் காலால் எழுப்புகிறேனாம்.

மற்றவர்கள் இரண்டாவது அடியிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு “அலமாக், ஐயோ அம்மா” என்பார்கள். நான் கையை வீசிக்கொண்டு போவேன். தினமும் அங்கே வருகிற லிம் அங்கிள் கட்டை விரலைத் தூக்கி, “வாஹ்! குங்ஃபு மாஸ்டர்!” என்பார். என்னோடு நடக்கும் சரோஜா அக்கா மூச்சு வாங்க நின்று சொன்னார்: “வலிக்கலைன்னா உன் உடம்பு மாறிடுச்சுன்னு அர்த்தம் ஜெயா. கல்லு உன்கிட்டத் தோத்துப் போச்சு.”

கல்லு உன்கிட்டத் தோத்துப் போச்சு! இப்படி ஒரு வார்த்தை கிடைத்தால் நான் விடுவேனா? வீட்டுக்கு வந்து திட்டத்தின் அடியில் சிவப்பு மையால் எழுதிவைத்தேன்.

ஆறு கிலோ குறைந்தது. எண்பது கட்டம் வரை ஒரு கட்டம்கூட விடவில்லை. ஒரே ஒரு தப்பு செய்தேன், அதையும் நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். தொண்ணூறாம் நாள் கிளினிக்கில் ரத்தம் எடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். நூறும் முடியட்டும், நல்ல எண்ணோடு போய் டாக்டரை அசத்தலாம் என்று அந்தத் தேதியை நானே தள்ளிப் போட்டேன். பரீட்சைக்குப் பத்துப் பக்கம் பாக்கி வைத்துவிட்டுப் போவார்களா?

எண்பத்து நான்காம் நாள் கல் பாதையில் ஏழாவது சுற்று. பின்னாலிருந்து லிம் அங்கிள் கத்தினார்: “அக்கா! டாரா! டாரா!” டாரா என்றால் மலாயில் ரத்தம். யாருக்கு என்று திரும்பினேன். நான் நடந்து வந்த கற்களின் மேல் சிவப்பாக அடி அடியாக ஒரு பாதம். வலது பாதம் மட்டும். கம்பியைப் பிடித்துக் காலைத் தூக்கிப் பார்த்தால், கட்டை விரலுக்கு அடியில் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடித் துண்டு. என் கையாலேயே பிடுங்கினேன். வலிக்கவில்லை. “பாருங்க அங்கிள், ஒண்ணும் இல்ல” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மீதி மூன்று சுற்றையும் முடித்துவிட்டு வந்து, மஞ்சள் வைத்து பிளாஸ்டர் ஒட்டி, கட்டத்தில் டிக் போட்டேன்.

அந்த மூன்று சுற்று இல்லாமலிருந்தால் என்று இப்போதும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

தொண்ணூற்று மூன்றாம் நாள் சனிக்கிழமை. சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகள் யாழினி வீட்டில் இருந்தாள். சமையலறைக்குள் வந்தவள் மூக்கைப் பொத்தினாள். “அம்மா, ஃபிரிட்ஜுக்குப் பின்னால எலி செத்துக் கெடக்கு.” அப்பாவும் மகளுமாக ஃபிரிட்ஜை இழுத்தார்கள். தூசி இருந்தது, பழைய ஸ்பூன் ஒன்று இருந்தது, எலி இல்லை. அடுப்புக்கு அடியில் தேடினார்கள், இல்லை. நான் தண்ணீர் எடுக்க ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். யாழினி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, “அம்மா, உக்காரு” என்றாள்.

பிளாஸ்டர் கழன்றுவிடாமல் இருக்க வீட்டிலும் சாக்ஸ் போட்டிருந்தேன். அவள் மண்டியிட்டு அதைக் கழற்றினாள். கட்டை விரலும் பக்கத்து விரலும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. அவள் “அம்மா” என்றாள். உடனே என் அடையாள அட்டையைத் தேடி எடுத்தாள்.

அவசரப் பிரிவில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்த நர்ஸ், எங்கள் பேச்சில் மிஸ்ஸி, மெஷின் தப்போ என்று இன்னொரு விரலில் குத்தினார். மெஷின் சரிதான். காய்ச்சல் இருந்தது, அது எனக்கே தெரியாது. நம்பர் கூப்பிடுகிற வரை பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தோம். என் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் எழுந்து தள்ளி உட்கார்ந்தார்கள். தொழிற்சாலையில் சுத்தத்துக்குப் பெயர் வாங்கியவள் நான். சேகர் காலியான நாற்காலியில் தன் பையை வைத்து, என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

பார்த்த டாக்டர் ஒரு மலாய்ப் பெண். மெல்லிய ஸ்டீல் குச்சி ஒன்றைப் புண்ணுக்குள் விட்டார். அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது. எதிலோ தட்டி நின்றது. “துலாங்,” என்றார் மிஸ்ஸியிடம். எலும்பு. பிறகு என்னிடம், “சாகிட், மாக்சிக்?” வலிக்கிறதா ஆன்ட்டி என்கிறார். நானும் பழக்க தோஷத்தில், கொஞ்சம் பெருமையாகவே, “தக் சாகிட், டாக்டர்” என்றேன். வலிக்கவே இல்லை.

அவர் குச்சியை எடுத்துவிட்டு ஸ்டூலை இழுத்து என் முன்னால் உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்து பேசினால் பயப்பட வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அவர் மலாயில் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். சர்க்கரை வருஷக்கணக்கில் கூடுதலாக இருந்தால் பாதத்துக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். நரம்பு செத்தால் வலி தெரியாது. வலி தெரியாவிட்டால் காயம் தெரியாது. காயம் தெரியாமலே கிருமி தசைக்குப் போகும், அங்கிருந்து எலும்புக்குப் போகும். “மாக்சிக்குக்கு எவ்வளவு காலமா காலில் உணர்ச்சி இல்லை?”

நான் கல் பாதையைச் சொன்னேன். நூறு நாள் திட்டத்தைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. “இனிப்பு நீர் உள்ளவங்க வெறுங்காலோட வீட்டுக்குள்ளகூட நடக்கக் கூடாதுன்னு உங்களுக்கு யாருமே சொல்லலையா?” என்று மட்டும் கேட்டார். சொல்லியிருப்பார்கள். கிளினிக் சுவரில் போஸ்டர்கூட இருந்தது. அதில் இருக்கிற வார்த்தை எதுவும் சரோஜா அக்கா சொன்னது மாதிரி அழகாக இல்லை.

எனக்கு வந்த பயத்துக்கு முதலில் பெயரே தெரியவில்லை. எக்ஸ்ரேவுக்குக் காத்திருந்தபோது போர்வைக்குள் கையை விட்டு என்னை நானே கிள்ள ஆரம்பித்தேன். பாதத்தில் கிள்ளினேன், ஒன்றும் இல்லை. கணுக்கால், ஒன்றும் இல்லை. கெண்டைக்காலில் யாரோ தூரத்தில் கூப்பிடுகிற மாதிரி லேசாக. முழங்காலுக்குக் கீழே நறுக்கென்று வலித்தது. அந்த வலிக்கு அழுதேன். நான் எதுவரைக்கும் உயிரோடு இருக்கிறேன் என்று அளந்து பார்த்தாகிவிட்டது. எண்பத்து நான்கு நாள் கல் என்னிடம் தோற்றதாக நினைத்துக்கொண்டிருந்தேனே, அங்கே கல்லோடு மோத ஆளே இல்லை.

வார்டில் மூன்று நாள் ஊசி வழியாகக் கிருமிக்கு மருந்து ஏறியது. காலையும் மாலையும் புண்ணைக் கழுவினார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொள்வேன். வலிக்காததால் கத்தரி சத்தம் மட்டும் கேட்கும். அது இன்னும் மோசம். யாழினி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பாள். சேகர் லோரியை விட்டதும் நேராக வந்துவிடுவார். ஒரு நாள் என் தலையைச் சீவிவிட்டார். லோரி கழுவுகிற மாதிரி, மேலிருந்து கீழே, பலத்தோடு. எதிர்க் கட்டில் அம்மா பார்த்துவிட்டு, “ஏங்க, அது மண்டை, டயர் இல்ல” என்றார். சேகர் சிரித்தார். அந்த வார்டில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

டாக்டர்கள் கூட்டமாக வரும்போது ‘பி.கே.ஏ.’ என்று ஒரு வார்த்தை அடிபடும். மிஸ்ஸியிடம் கேட்டேன். அவர் தன் முழங்காலுக்குக் கீழே கையால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

பக்கத்துக் கட்டில் மாக்சிக் சீத்திக்கு அந்தக் கோடு ஏற்கெனவே போட்டாகிவிட்டது. போன வருஷம் அவருக்கும் விரலை எடுக்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பயந்துபோய் ஏ.ஓ.ஆர். தாளில் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குப் போய்விட்டார். ‘டாக்டர் சொல்லைக் கேட்காமல் என் சொந்தப் பொறுப்பில் போகிறேன்’ என்று எழுதிக் கொடுக்கிற தாள் அது. நம் ஆட்களும் அதில் தாராளமாகக் கையெழுத்துப் போடுவார்கள். மாக்சிக் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைத் தடவிக்கொண்டு மலாயில் சொன்னார்: “நான் அன்னைக்கு வீட்டுக்குப் போனேன். இது மட்டும் இங்கேயே தங்கிடுச்சு.” அந்த வார்த்தையை எழுதிவைக்காமலே நான் பிடித்துக்கொண்டேன்.

நான்காம் நாள் காலை எனக்குக் காய்ச்சல் மறுபடியும் ஏறியது. டாக்டர் மறுபடியும் ஸ்டூலை இழுத்தார். இரண்டு விரலையும், அவற்றுக்குப் பின்னால் பாதத்துக்குள் ஓடுகிற எலும்பில் கொஞ்சத்தையும் எடுக்க வேண்டும். இன்றே எடுத்தால் பாதத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம். கிருமி ஏறிக்கொண்டிருக்கிறது, நாளைக்கு என்றால் எதுவரை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்ல முடியாது. “மூணு மணிக்குள்ள சொல்லுங்க.”

அவர் போனதும் சாப்பாட்டுத் தட்டில் வந்த சீட்டைத் திருப்பி, யாழினியின் பேனாவால் எழுதினேன். நூறு நாளுக்குத் திட்டம் போட்டவள், இப்போது மூன்று மணி வரைக்கும் போட்டேன். ஒன்று, எங்கே வெட்டுவார்கள் என்று கண்ணால் பார்ப்பது. இரண்டு, அவரிடம் சொல்வது. மூன்று, கையெழுத்து. பழைய திட்டத்தில் எல்லாமே தாங்குவது, அடக்குவது, மிதிப்பது. என் காலைத் திருப்பிப் பார்ப்பது என்று அதில் ஒரு வரி கிடையாது. பார்த்தால் பயம் வரும் என்று எனக்குள் எங்கேயோ தெரிந்திருக்கிறது.

முதல் வரிக்காக டாக்டரைத் திரும்பக் கூப்பிடச் சொன்னேன். “டாக்டர், எதுவரைன்னு என் கால்ல எழுதிக் காட்டுங்க.” அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, ஊதா மார்க்கரை எடுத்து, பாதத்தின் மேல் வளைவாக ஒரு கோடு போட்டார். மை படுவதும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பார்த்தேன். வாந்தி வந்தது. துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன்.

இரண்டாவது வரிதான் கஷ்டம். சேகருடைய அம்மாவுக்கும் இதே நோய். தோட்டத்தில் குடியிருந்தபோது ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள், எட்டாம் நாள் போய்ச் சேர்ந்தார். “முழுசா கூட்டிட்டுப் போனேன், பெட்டியில கொண்டாந்தேன்” என்பார் சேகர். அதற்கு மேல் அந்தக் கதையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கோடு போட்டிருக்கிற காலை இந்த மனிதருக்கு எப்படிக் காட்டுவது?

நீங்களும் என்னைப் போலப் பயந்துகொண்டு படிக்க வேண்டாம் என்பதற்காக முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று மாலை இரண்டு விரல் போனது. பத்து நாள் கழித்து இன்னொரு முறை உள்ளே போய் இன்னும் கொஞ்சம் எடுத்தார்கள். பாதம் இருக்கிறது. எந்த ஊசிக்குப் பயந்து அத்தனை கட்டம் வரைந்தேனோ, அதை இப்போது பேனா பிடிக்கிற மாதிரி பிடித்து நானே வயிற்றில் போட்டுக்கொள்கிறேன். எறும்பு கடிக்கிற அளவு. குளியலறைக்குப் போவதென்றாலும் செருப்பு. காலையில் எழுந்ததும் தரையில் கண்ணாடியை வைத்து இரண்டு உள்ளங்காலையும் பார்க்கிறேன். ஒவ்வொரு நாளும் காலைத் திருப்புவதற்கு முன் ஒரு நொடி மூச்சு நின்றுவிடுகிறது. அந்தப் பயம் போகவில்லை. போக வேண்டாம் என்று இப்போதெல்லாம் நினைக்கிறேன். சரோஜா அக்கா ஒரு நாள் வந்து கட்டிலோரமாக உட்கார்ந்து, “நான் சொன்ன வார்த்தையை நானே முழுங்கிட்டேன்டி” என்று அழுதார். அவரையும் கிளினிக்குக்கு அனுப்பினேன்.

இதெல்லாம் பிறகு நடந்தது. நான் மாறியது அந்தப் பதினேழாம் கட்டிலில், ஒன்று நாற்பதுக்கும் மூன்றுக்கும் நடுவில்.

“கிளம்பு” என்று சொல்லிவிட்டு, சேகர் வார்டு வாசலில் கிடந்த ஒரு வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்தார். “ஏறு. அந்தத் தாளை நான் கேட்டு வாங்கிட்டு வரேன்.”

“ஏங்க, முதல்ல இதைப் பாருங்க.” போர்வையை விலக்கினேன்.

அவர் கோட்டைப் பார்த்தார். “என்ன இது?”

“இதுவரைக்கும்தான் எடுப்பாங்க. நான்தான் போட்டுக் காட்டச் சொன்னேன்.”

அவர் குனிந்தார். தொடவில்லை. “அம்மாவுக்கு இங்க,” என்று தன் தொடையில் கை வைத்தார்.

“தெரியும். இது அது இல்லீங்க.”

“இதுக்கு மேல போகாதுன்னு எழுதிக் குடுப்பாங்களா?”

“குடுக்க மாட்டாங்க. கேட்டுட்டேன்.”

“செத்துப் போயிட்டீன்னா?” குரல் உடைந்துவிட்டது. மாக்சிக் சீத்தி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்குப் பயத்தில் பல் கிட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்காதே. “செத்தா இங்கயே சாவேன். பெக்கோக் போற வழியில உங்க தம்பி கார்ல சாகமாட்டேன். அதுல ஏர்கான்கூட கெடையாது.”

அவர் சிரிக்கவில்லை. அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. தம்பியாகத்தான் இருக்கும். நான் மிஸ்ஸியைக் கூப்பிட்டு, ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று எழுதுகிற பாரத்தைக் கேட்டேன். என் பெயரை எழுதும்போது ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு திசையில் போனது. போன் நின்று மறுபடியும் அடித்தது. சேகர் அதை எடுத்து, “நீ வீட்டுக்குப் போடா” என்று மட்டும் சொல்லி வைத்தார்.

பிறகு வீல்சேரைத் திருப்பி என் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினார். மேட்டில் லோரியை நிறுத்துகிறவர் மாதிரி இரண்டு பக்கத்துப் பிரேக்கையும் அழுத்திப் பார்த்தார். பார்த்துவிட்டு, அதில் அவரே உட்கார்ந்துகொண்டார்.